நுனி வெளுத்த கீழாநெல்லி

அத்தியாயம் ஏழு

ஒருத்தனைக் கள்ளன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டுப் பன்னிரண்டு நாள் நன்றாகத் தூங்கிய மனுசன், பதின்மூன்றாம் நாள் காலையில் வாயில் பிரஷ்ஷோடு நிற்கும்போது, நாம் எழுதினது பிழையோ என்று நினைத்தால் அவன் கதி என்ன? ஹுதைபாவின் கதி அதுதான். தேநீரைத் தொடவில்லை. மனைவி பாயிஸா சுட்டுவைத்த ரொட்டியும் அப்படியே கிடந்தது. வயிற்றுக்குச் சரியில்லையா என்று அவள் கேட்டதற்கு, வயிறு நன்றாகத்தான் இருக்கிறது, அதற்கு மேலே இருப்பதுதான் சரியில்லை என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தார்.

காப்புறுதிக் கம்பனியில் இருபது வருஷம் பொய்க் கணக்குக் காட்டுபவர்களைப் பிடித்துப் பழகியவர் ஹுதைபா. இப்போது கண்டியில் தனியாகத் துப்பறியும் தொழில். அவருக்கு உதவியாளர் தனுஜா. மாநகர சபையில் எழுதுவினைஞராக இருந்து, மேலதிகாரியிடம் வாயைக் கொடுத்து வெளியே வந்தவள். அந்த வாய் இன்னும் அவளிடம்தான் இருக்கிறது. ஹுதைபாவை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவாள். ஞாயிற்றுக்கிழமையும் வேலையா என்று முணுமுணுத்துக்கொண்டே காரில் ஏறினாள்.

ஹந்தானை மலை அடிவாரத்தில் ஒரு தனியார் மூலிகை ஆய்வுகூடம். அதன் தலைவர் கலாநிதி சண்முகநாதன். ஹெபடைடிஸ் வைரசு புகுந்த ஈரலில் உண்டாகும் புற்று உயிர்க்கலங்களைப் போத்தலில் வளர்த்து, அவற்றின் மேல் கீழாநெல்லிச் சாற்றை விட்டு என்ன நடக்கிறதென்று பார்ப்பது அவருடைய ஆராய்ச்சி. முதல் மூட்டைக் கீழாநெல்லியை எடுத்து நான்கு தடவை செய்தார். நான்கு தடவையும் புற்றுக் கலங்கள் பெருகுவதை நிறுத்திச் செத்துப்போயின. பத்திரிகையில் படம்கூட வந்தது. அதைக் கேள்விப்பட்டுக் கொழும்பிலிருந்து ஒரு குழு வந்தது. அவர்களுக்கு முன்னால் இரண்டாம் மூட்டையைத் திறந்து செய்து காட்டினார் மனுசன். கலங்கள் கலியாண வீட்டுச் சொந்தக்காரர் மாதிரிப் பெருகிக்கொண்டே போயின. அவருடைய முகத்தில் ஈயாடவில்லை.

யாரோ மூட்டையை மாற்றிவிட்டார்கள், ஆளைப் பிடித்துத் தாருங்கள் என்று ஹுதைபாவைக் கூப்பிட்டார். ஹுதைபாவும் பிடித்தார். களஞ்சியத்துச் சாவி அங்கே வேலை பார்க்கும் செல்லப்பா ஒருவரிடம்தான் இருந்தது. மூட்டை இரண்டையும் கொண்டுவந்து வைத்தவரும் அவரே. போதாததற்கு அவருடைய சாப்பாட்டுப் பையில் முதல் மூட்டை இலை ஒரு கைப்பிடி இருந்தது. அதற்கு மேல் என்ன வேண்டும்? நல்ல மூட்டையை வெளியே கடத்திவிட்டுச் சும்மா செடியைக் கொண்டுவந்து வைத்தவர் செல்லப்பாதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மூட்டையை மாற்றியதைச் செல்லப்பா மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றார். தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணை. அது முடிந்தால் வேலையும் போகும், பொலிசும் வரும்.

"இப்ப என்ன புதுசா?" என்று தனுஜா கேட்டாள்.

கலாநிதி வந்து கதவைத் திறக்கவே பிற்பகல் மூன்று மணியாகிவிட்டது; ஹுதைபா நேரே உள்ளே போனார். களஞ்சியத்து நிலத்தில் பழைய பத்திரிகையை விரித்து, முதல் மூட்டையின் மிச்சத்தை ஒரு பக்கமும் இரண்டாம் மூட்டையிலிருந்து ஒரு குவியலை மறு பக்கமும் கொட்டினார். கலாநிதி கதவடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு இந்த வேலை கொஞ்சமும் பிடிக்கவில்லை.

இரண்டாம் மூட்டைச் செடி பச்சையாகக் காய்ந்திருந்தது. தண்டு, இலை, இலைக்கு அடியில் வரிசையாகக் கடுகளவு காய், நீளமான வேர், வேரில் காய்ந்த மண்கூட அப்படியே இருந்தது. ஹுதைபா அதைக் கையில் தூக்கிப் பார்த்தார். கண்டிச் சந்தையில் எந்த நாட்டு மருந்துக்காரனும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடிய சாமான். காலையில் பல் விளக்கும்போது அவரை உறுத்தியதும் இதுதான்.

"டொக்டர், ஒரு கள்ளன் நல்லதைக் கொண்டுபோனா, குப்பையத்தானே கொண்டுவந்து வைப்பான்? இவன் என்னத்துக்கு வேரோட புடுங்கி, நெழல்ல காயவச்சு இவ்வளவு மெனக்கெட்டு ஈக்கான்?"

"எனக்குத் தெரியாது," என்றார் கலாநிதி. "முதல் மூட்டை வேலை செய்தது. இது வேலை செய்யேல்லை. வேற என்ன வேணும் உங்களுக்கு?"

தனுஜா அதற்குள் முதல் மூட்டைக் குவியலுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரு துண்டை எடுத்தாள். இன்னொன்றை எடுத்தாள். பிறகு பத்துப் பதினைந்து துண்டுகளை உள்ளங்கையில் வரிசையாக வைத்துப் பார்த்தாள்.

"நானா, இதுல வேரே இல்ல. தண்டும் இல்ல. எல்லாமே நுனி. ரெண்டு மூணு இலையும் குருத்துமா நகத்தால கிள்ளியிருக்கு. ஒரே அளவு பாருங்க. எங்கம்மா ஹேவாஹெட்டயில முப்பது வருசம் தேயிலை கிள்ளினாங்க. வீட்டு முருங்கைக் கீரையக் கூட இப்படித்தான் கிள்ளுவாங்க. இது கொழுந்து பறிக்கிற கை."

ஹுதைபா குனிந்து பார்த்தார். உண்மைதான். கீழாநெல்லி வேண்டுமென்றால் ஊரில் யாரும் அதை வேரோடுதான் பிடுங்குவார்கள். நின்ற நிலையில் நுனியைக் கிள்ளிக் கூடைக்குள் போடுகிற பழக்கம் உலகத்தில் ஒரே ஒரு கூட்டத்துக்குத்தான் உண்டு. கொழுந்துப் பெண்கள் கிள்ளியிருந்தால் அது தேயிலை மலையில் முளைத்த செடி. ஆனால் செல்லப்பா பதிவுப் புத்தகத்தில் இரண்டு மூட்டைக்கும் ஹேவாஹெட்டைக் காட்டோரம் என்று எழுதியிருந்தார்.

தனுஜா இன்னும் முடிக்கவில்லை. ஒரு நுனியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கீழ் இலை பழுப்பு. குருத்து மட்டும் வெள்ளை படிந்த மஞ்சள்.

"இது காஞ்சதால வந்த நெறம் இல்ல. தோட்டத்துல புல்லு சாக மருந்தடிச்சா மொதல்ல குருத்துதான் வெளுக்கும். நுனி வெளுத்த புல்ல ஆட்டுக்குக் கூடப் போடாதேன்னு அம்மா சொல்லுவாங்க. மருந்து பூராவும் நுனிக்குத்தான் ஏறும் நானா. இவங்க அந்த நுனிய மட்டும் பொறுக்கி எடுத்துக் குடுத்திருக்காங்க."

கலாநிதி கையைப் பிரித்தார்.

"ஆனா கலம் செத்தது தானே?" என்றார். குரலில் முன்பிருந்த திடம் இல்லை.

"சார், கழிவறை கழுவுற மருந்த ஊத்தினாலும் சாகும்," என்றாள் தனுஜா.

வேறு நாளாக இருந்தால் ஹுதைபா அவளை அதட்டியிருப்பார். இன்றைக்கு அவர் கலாநிதியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மனிதர் மெல்ல ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"புற்றுக் கலம் மட்டும் இல்லை. பக்கத்தில வச்ச நல்ல ஈரல் கலமும் செத்தது. நாலு தரமும் செத்தது. அதைப் பிறகு பாப்பம் எண்டு ஒதுக்கி வச்சிட்டன். பத்திரிகைக்காரன் வந்து நிண்டவன்."

இவ்வளவுதான் சங்கதி. மூட்டையை யாரும் மாற்றவில்லை. முதல் மூட்டைதான் பொய். கொழும்புக் குழுவுக்கு முன்னால் மானத்தை வாங்கிய இரண்டாம் மூட்டைதான் அசல் கீழாநெல்லி. அது அந்தக் கலங்களை ஒன்றும் செய்யவில்லை, அவ்வளவே. களவே நடக்காத இடத்தில் ஹுதைபா கள்ளனைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார். தனுஜா அவரைப் பார்த்து, நடக்காத களவுக்கு ஆளைப் பிடித்த முதல் துப்பறிவாளர் நீங்கள்தான் என்று ஏதோ சொல்லத் தொடங்கினாள். பாதியில் நிறுத்திவிட்டாள். ஹுதைபாவின் முகம் வெளிறிப்போயிருந்தது.

அந்தக் கைப்பிடி இலை.

அதை அவர் மறந்தே போயிருந்தார். பன்னிரண்டு நாளைக்கு முன் விசாரிக்கப் பன்விலத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்துக்குப் போனபோது, செல்லப்பாவின் மனைவி இரத்தினம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஈரலில் புற்றுநோய். மஞ்சள் காமாலையில் தொடங்கி அங்கே வந்து நின்றிருக்கிறது. ஆய்வுகூடத்தில் இந்த இலை புற்றைக் கொல்கிறதென்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள், அதனால்தான் அவளுக்காக ஒரு கைப்பிடி எடுத்தேன், தினமும் அஞ்சு மணிக்கு ஒரு சிட்டிகை அவித்துக் கொடுக்கலாமென்று இருந்தேன் என்று செல்லப்பா அழுதார். ஹுதைபாவுக்கு மனம் கேட்கவில்லை. சாட்சிப் பொருளிலிருந்து அந்த இலைப் பொதியை எடுத்துத் தன் கையாலேயே அந்த அம்மாவின் மடியில் வைத்துவிட்டு வந்தார். வரும் வழியெல்லாம், ஒருவனுடைய வேலையைப் பறித்தாலும் ஒரு நல்லதும் செய்துவிட்டேன் என்று தன்னைத் தானே தட்டிக்கொடுத்துக்கொண்டார். அந்த நல்லதை நினைத்துத்தான் பன்னிரண்டு நாளும் தூக்கம் வந்தது.

"தனுஜா, மணி என்ன?"

மூன்று ஐம்பது. செல்லப்பாவின் கைபேசி அணைந்து கிடந்தது, பொலிசுக்குப் பயந்து நிறுத்திவைத்திருக்க வேண்டும். தோட்டத்து ஆபீசில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை யார் எடுப்பார்கள்? பன்னிரண்டு கோப்பை ஏற்கெனவே போயிருக்கும். பதின்மூன்றாவது அஞ்சு மணிக்கு.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகனம் நகரவில்லை. ஹுதைபா ஹோர்னை அடித்தபடியே இருந்தார். ஏற்கெனவே கெட்டுப்போன ஈரலுக்கு நானே நஞ்சைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன், யா அல்லாஹ், நானே கொடுத்திருக்கிறேன் என்று அவருடைய வாய் முணுமுணுத்தது. தனுஜாவுக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. நீங்கள் வேண்டுமென்றா செய்தீர்கள் என்றாள். வேண்டுமென்று செய்திருந்தால் இவ்வளவு உறுத்தாது என்றார் அவர். வத்தேகமை தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் அவளும் பேச்சை விட்டுவிட்டாள்.

லயத்துக்குக் கீழே காரை நிறுத்தும்போது அஞ்சுக்குப் பத்து நிமிஷம். முன்வாசலால் போனால் சுற்று என்று தனுஜா பின்பக்கமாக ஏறினாள். ஹுதைபா மூச்சிரைக்கப் பின்னால் ஓடினார். செல்லப்பாவின் காம்பரா வீட்டுக்குப் பின்னால் நல்ல காய்கறித் தோட்டம். கோவா, கரட், கறிவேப்பிலை, எல்லாம் மழையில் செழித்துக் கிடந்தன. தனுஜா திடீரென்று நின்றாள்.

"நானா, இங்க பாருங்க."

பின்கதவுப் படிக்குப் பக்கத்தில் ஒரு சுளகு அகலத்துக்கு மட்டும் புல் கருகிக் கிடந்தது. நடுவில் ஒரு மிளகாய்ச் செடி. அதன் இலையெல்லாம் உதிர்ந்து, மிச்சமிருந்த குருத்து வெளுத்துப்போயிருந்தது.

"கொதிதண்ணி ஊத்தினாலும் புல்லு கருகும்," என்றாள் தனுஜா. "ஆனா குருத்து இப்படி வெளுக்காது. யாரோ தினம் ஒரே எடத்துல ஊத்துறாங்க."

ஹுதைபா படியில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தார். இரத்தினம்மா பாயில் உட்கார்ந்திருந்தார். மெலிந்துதான் இருந்தார், ஆனால் அவரைக் கண்டதும் பயப்படவில்லை. முன்பக்கம் அடுப்படியில் செல்லப்பா எதையோ ஊதிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"நீங்க அத குடிக்கல்லயாம்மா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார் ஹுதைபா.

இரத்தினம்மா முதலில் அடுப்படிப் பக்கம் பார்த்தார். பிறகு இல்லையென்று தலையாட்டினார்.

"பாத்ததுமே தெரிஞ்சிச்சு சார். மருந்தடிச்ச மலையில கிள்ளினது. முப்பத்திரெண்டு வருசம் கிள்ளின எனக்குத் தெரியாதா? அவரு வேலை செஞ்ச எடத்துல போத்தல்ல ஊத்தித்தானே பாக்குறாங்க, யாரும் குடிக்கிறதில்லயேன்னு நெனச்சேன்."

"ஏன் அவருக்குச் செல்லல்ல?"

"எப்படிச் சொல்றது? எனக்காகத் திருடி, கள்ளன்னு பேரு வாங்கிக்கிட்டு வந்து நிக்கிறாரு. ராவெல்லாம் அழுவுறாரு. இந்த ஒரு கோப்பையக் குடுக்குறப்பத்தான் மூஞ்சியில கொஞ்சம் வெளிச்சம் வருது. இது நஞ்சுன்னு சொன்னா அந்த மனுசன் உசுரோட இருப்பாரா?"

தினமும் கோப்பையை வாங்கிக்கொண்டு, கசக்கிறது, ஒரு துண்டு சக்கரை கொண்டாங்க என்று அவரை அனுப்பிவிடுவாராம். அவர் திரும்பி வருவதற்குள் பின்கதவால் ஊற்றிவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். ஆஸ்பத்திரி மாத்திரையை மட்டும் விடாமல் போட்டுக்கொள்கிறார். அதைச் சொல்லிவிட்டு இரத்தினம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

"அவருகிட்ட சொல்லிடாதீங்க சார்."

ஹுதைபா திக்குமுக்காடிப்போனார். சொல்லாவிட்டால் செல்லப்பா நாளைக்குக் கள்ளன். சொன்னால், தன் பெண்சாதிக்குத் தானே நஞ்சு அவித்தவன். எதைச் செய்தாலும் அந்த மனிதனை அடிப்பது ஹுதைபாவின் கைதான்.

அதற்குள் செல்லப்பா வந்துவிட்டார். ஒரு கையில் ஆவி பறக்கும் கோப்பை. ஹுதைபாவைக் கண்டதும் ஓர் அடி பின்வாங்கினார். பொலிசா சார் என்று கேட்டார். இல்லையென்று தனுஜா சொன்னாள். அப்படியானால் மனைவி முதலில் குடித்துவிடட்டும், நேரமாகிறது, பிறகு பேசுவோம் என்று கோப்பையை மனைவியிடம் நீட்டினார். மறு கையையும் நீட்டினார். அதில் ஒரு துண்டு சக்கரை இருந்தது.

"தெனம் கேக்குறாளேன்னு இன்னைக்கு நானே கொண்டாந்துட்டேன்," என்றார்.

இரத்தினம்மா ஹுதைபாவை ஒரு தடவை பார்த்தார். பிறகு கோப்பையை வாங்கி வாயருகே கொண்டுபோனார். அவர் குடிக்கத்தான் போகிறார் என்பது ஹுதைபாவுக்குத் தெரிந்துபோயிற்று. எட்டிப் பாய்ந்து கோப்பையைப் பிடுங்கினார். சூடான கசாயம் அவர் கையெல்லாம் சிந்தியது.

"செல்லப்பா, இது மருந்தில்ல. மருந்தடிச்ச புல்லு. இத ஒங்க வீட்டுல கொண்டாந்து வச்சவன் நான்."

செல்லப்பா தன் கையிலிருந்த சக்கரைத் துண்டையும் பின்கதவுக்கு வெளியே கருகிக் கிடந்த புல்லையும் பார்த்தார். அவர் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விளங்கிக்கொண்டதை ஹுதைபா பார்த்தார். பார்க்காமல் இருந்திருக்கலாமே என்று இருந்தது. முதல் மூட்டை எப்படி வந்ததென்று செல்லப்பாவே சொன்னார். ஹேவாஹெட்டைக் காட்டோரம்தான் போகச் சொன்னார்கள். முழங்கால் வலி, ஏற முடியவில்லை. மனைவியுடைய பழைய கொழுந்துக் கூட்டாளிகளிடம் கிள்ளித் தரச் சொன்னார். வேலை முடிந்து இறங்கும்போது மூடுபனியில் எந்த மலையில் மருந்தடித்திருக்கிறதென்று பார்க்காமல் கிள்ளிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டாம் மூட்டை அவரே கம்பளையில் மகாவலி ஆற்றோரமாகப் பிடுங்கினது. புத்தகத்தில் இரண்டுக்கும் ஹேவாஹெட்டை என்று எழுதிவிட்டார். அந்தப் பொய் வெளிவந்துவிடும் என்றுதான் கள்ளன் என்றபோதும் வாயைத் திறக்கவில்லை.

பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார்.

"எத்தன நாளா கீழ ஊத்துற?"

"மொத நாள்ல இருந்து."

"தெனமும் மூஞ்சியச் சுளிச்சியே."

"நீங்க பாத்துக்கிட்டு நின்னீங்களே," என்றார் இரத்தினம்மா.

செல்லப்பா நிலத்தில் உட்கார்ந்து மனைவியின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். சிரித்தாரோ என்றும் தோன்றியது. ஹுதைபாவும் தனுஜாவும் வெளியே போய்ப் பின்படியில் நின்றார்கள். வெகுநேரம் கழித்து இரத்தினம்மா எழுந்து வந்து நான்கு கோப்பை பிளேன்டீ வைத்தார். தனுஜா தன் கோப்பையை முகர்ந்து பார்த்து, தேயிலையும் சீனியும் மட்டும்தானே அம்மா என்று கேட்டாள். அந்த வீட்டில் அன்றைக்கு முதல் தடவையாக எல்லோரும் சிரித்தார்கள். ஹுதைபாவால் மட்டும் முடியவில்லை.

நாளைக் காலை பத்து மணிக்குள் புதிய அறிக்கை போக வேண்டும். படியிலேயே உட்கார்ந்து மடியில் கொப்பியை வைத்து எழுதினார். மூட்டையை யாரும் மாற்றவில்லை என்று எழுதினார். முதல் மூட்டை ஏன் கலங்களைக் கொன்றது என்று எழுதினார். செல்லப்பா பின்னால் வந்து நின்று வாசித்தார். பிறகு ஒரு விரலைக் கொப்பியில் வைத்தார்.

"நான் எடுத்ததையும் எழுதுங்க சார். ஒரு கைப்பிடி. எடம் மாத்தி எழுதினதும் நான்தான். அது பொய்யில்லையே."

அதை எழுதினால் விசாரணையில் கேட்பார்கள் என்று ஹுதைபா சொன்னார். கேட்கட்டும் என்றார் செல்லப்பா.

ஹுதைபா எழுதினார். பேனையை மூடப் போனவர் மூடவில்லை. தனுஜா அவருடைய தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அடுத்த வரியை எழுதி, அடியில் முழுப் பெயரையும் போட்டார். அவள் அதை வாசித்தாள்.

"மேற்படி கைப்பிடி இலையைப் பரிசோதிக்காமல் ஒரு நோயாளியின் மடியில் வைத்தவனும், குற்றம் செய்யாதவரைக் குற்றவாளி என்று எழுதியவனும் நானே."